எந்த விருப்பப் பாடத்தை எடுப்பது?

கேள்வி: இளநிலை உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த பருவத்துக்குக் குற்றவியல் உளவியல், தொழில்சார் உளவியல், உளவியல் சோதனைகள் என்னும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோழிகள் குற்றவியலுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஓசூரில் வேலை கிடைக்கும் என்று அப்பா தொழில்சார் உளவியலைச் சொல்கிறார். எனக்கோ குழந்தைகளுக்கான மருத்துவ உளவியலாளராக ஆசை. ஆனால், புள்ளியியல் என்றாலே பயம். எதை எடுக்கட்டும்?
– வாசகி, பாலக்கோடு

பதில்: உளவியல் சோதனைகளையே எடுங்கள். ஒரு விருப்பப் பாடம் யாரையும் மருத்துவ உளவியலாளராக்கிவிடாது. அதற்கு, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியை முடித்து, அதன் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அந்தப் பயிற்சியில் நாள்தோறும் கையாளப்போவது சோதனைகளைத்தான்.

சூளகிரி, தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் ஏழு வயதுக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். நுண்ணறிவுச் சோதனையில் 'குடை என்றால் என்ன?' என்று கேட்டால், 'கொடுகு' என்றே கேட்டு வளர்ந்த அந்தக் குழந்தை விழிக்கும், மதிப்பெண் குறையும், குறைந்தது அறிவன்று, சொல். சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15 என அமைந்த அளவுகோலில், அறிவுத்திறன் குறைபாடு இருக்கலாம் என்று கருதப்படும் 70க்குக் கீழே வருவோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர்தாம். மொழியால் இழந்த சில மதிப்பெண்கள் ஒரு குழந்தையை அந்த இருவருள் ஒருவராக்கிவிடக்கூடும் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பதறுகிறது. அந்தச் சோதனை எந்த மொழிக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டது, அதாவது யாருடைய மதிப்பெண்களோடு ஒப்பிடுகிறது என்று கேட்கத் தெரிந்தவரால்தான் அந்தத் தவற்றைத் தடுக்க முடியும். நீங்கள் அஞ்சும் புள்ளியியல் இதற்காகத்தான் இருக்கிறது. காரணம் புரிந்த பின் கணக்கு அவ்வளவு கடினமாக இராது.

அப்பாவின் கவலை நியாயமானது. ஆனால், ஆளெடுப்பிலும் சோதனைகள் பயன்படுவதால், இந்தப் பாடம் ஓசூர் வழியையும் அடைத்துவிடாது என்று அவரிடம் சொல்லுங்கள். குற்றவியல் நல்ல துறைதான். தோழிகள் எடுத்தார்கள் என்பது மட்டும் அதற்குக் காரணமாக வேண்டாம்.

பெயர் கொடுப்பதற்கு முன், இந்தப் பாடத்தை முடித்த அக்கா ஒருவரின் செய்முறைப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். சோதனைகளை உண்மையில் ஆட்களிடம் நடத்தினார்களா, கரும்பலகையில் இருந்ததை எழுதிக்கொண்டார்களா என்று அவரிடமே கேளுங்கள். பின்னது என்றால், துறைத்தலைவரைச் சந்தித்து, செய்முறை வகுப்புகளை முறையாக நடத்தித் தரும்படி இப்போதே கேளுங்கள்.