தாளைப் பார்த்துத்தான் பென்சில் வாங்க வேண்டும்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"ரீச்சர், அம்மாவுக்கு 66 வயது. கணக்குப் படிப்பிச்சு ஓய்வெடுத்தவ. அப்பா போன பிறகு பின்னேரம் முழுக்கக் கதிரையில சும்மா இருக்கிறா. பெரிய ஆக்கள் நிறந்தீட்டுற கொப்பி ஒண்டும் 80 மார்க்கர் உள்ள பெட்டியும் ஒன்லைனில எடுத்துக் குடுத்தன். முதல் பக்கத்திலயே மை ஊறி அடுத்த படமும் பழுதாப் போச்சுது. 'எனக்கு இது சரிவராது பிள்ளை' எண்டு மூடி வைச்சிட்டா. கனடாவில இருக்கிற அண்ணா 120 கலர் பென்சில் பெட்டி அனுப்பவோ எண்டு கேக்கிறார். அம்மாவுக்குப் பெருவிரல் மூட்டில நோ. போன வருசம் கண்ணில வெண்புரை ஒப்பரேசனும் செய்தவ. என்ன வாங்கிறது?"

அம்மாவில் பிழை இல்லை. மார்க்கரிலும் இல்லை. அந்தத் தாளும் அந்த மார்க்கரும் ஒத்துப்போகாதவை, அவ்வளவுதான். 80 மார்க்கர் ஒரு பெட்டியில் வந்தால் அநேகமாக அது அற்ககோல் மை. அந்த மை தாளின் மேலே நிற்காது, நாரோடு நாராக உள்ளே இறங்கும். ஒன்லைனில் விற்கும் மலிவான கொப்பிகள் பலவற்றில் இருப்பதோ நாங்கள் போட்டோக்கொப்பி எடுக்கிற தாளைவிடக் கொஞ்சம் தடித்த தாள். ஊறாமல் என்ன செய்யும்?

ஆகவே அண்ணாவுக்குப் பதில் சொல்லமுதல் தாளைப் பற்றிக் கதைப்போம். தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் நிறுக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. போட்டோக்கொப்பித் தாள் 70 அல்லது 80. கலர் பென்சிலால் மூன்று நான்கு தரம் மேலுக்குமேல் தீட்டுவதென்றால் 120க்குக் குறையாமல் பாருங்கள். தண்ணீர் தொட்டுத் தீட்டும் பென்சிலுக்கு 200 வேண்டும், 300 என்றால் தாள் சுருளாது. அற்ககோல் மார்க்கருக்கு எந்தக் கொப்பித் தாளும் முழுதாகத் தாங்காது. ஒருபுறம் மட்டும் அச்சடித்த கொப்பியை எடுத்து, பக்கத்துக்கு அடியில் ஒரு தடித்த மட்டையை வைத்துத்தான் தீட்ட வேண்டும்.

கனம் மட்டும் போதாது. தாளின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சொரசொரப்பு இருக்க வேண்டும். பென்சில் நிறம் அந்தச் சொரசொரப்பில்தான் பிடிக்கிறது. விரலால் தடவிப் பாருங்கள். கலண்டர் தாள் மாதிரி மினுங்கி வழுக்கினால், எவ்வளவு கனமாக இருந்தாலும் கலர் பென்சிலுக்கு உதவாது. பென்சில் வழுக்கிக்கொண்டு போகும், இரண்டாம் பூச்சு ஏறாது. "நல்ல தடித்த தாள்" என்று கடைக்காரர் ஆசையாய்க் காட்டுவதில் பாதி இந்த ரகம்.

கொப்பியில் இன்னும் இரண்டு விசயம் பார்க்க வேண்டும், அம்மாவின் கண்ணுக்கும் கைக்குமாக. முதலாவது கோடு. பெரியவர்களுக்கு என்று வரும் படங்களில் நெல்மணி அளவில்கூடக் கட்டங்கள் இருக்கும். கண் ஒப்பரேசன் செய்தவருக்கு அது ஆக்கினை. சுண்டுவிரல் நகத்தின் அளவுக்குக் குறையாத கட்டங்களும், ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டிய தடிப்புள்ள கோடும் உள்ளதாகத் தேடுங்கள். கிட்டப் பார்க்கும் கண்ணாடி பழையது என்றால் அதையும் ஒருக்கால் சோதிப்பியுங்கள். இரண்டாவது கட்டு. நடுவில் ஒட்டிய கொப்பி விரிந்து நிற்காது, இடக்கையால் அமத்திப் பிடித்தபடியே தீட்ட வேண்டியிருக்கும். மூட்டு நோ உள்ளவர் பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார். கம்பிச் சுருள் போட்டதோ, கிழித்து எடுக்கக்கூடிய பக்கங்கள் உள்ளதோ நல்லது.

இதெல்லாம் பொருந்திய கொப்பி யாழ்ப்பாணக் கடைகளில் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைத்தால் அதிட்டம். பொலித்தீனால் சுற்றி ஒட்டி வைத்திருப்பார்கள், தாளைத் தொட்டுப் பார்க்கவும் விடமாட்டார்கள். நான் சொல்கிற வழி வேறு: கொப்பியை நீங்களே அடியுங்கள். கலியாணக் காட் அடிக்கிற கடைகளில் தடித்த தாள் எப்போதும் இருக்கும். "மினுக்கம் இல்லாத வெள்ளைத் தாள், 160 ஜி.எஸ்.எம்., ஏ4" என்று கேளுங்கள். இருபது படங்களை ஒருபுறம் மட்டும் லேசர் பிரிண்டரில் அடித்து, கம்பிச் சுருள் போட்டுத் தரச் சொல்லுங்கள். லேசர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டு இங்க்ஜெற் பிரிண்டர் பலதின் மை தண்ணீர் பட்டால் கரையும், லேசரின் தூள் மை கரையாது. ஆனால் அற்ககோல் மார்க்கர் சில லேசர்க் கோடுகளையும் கலக்கிக் கறுப்பாக்கிவிடும். முதலில் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள்.

படத்துக்கு எங்கே போவது? அம்மா கணக்கு ரீச்சர் அல்லவா. புள்ளி வைத்து ஒரு கோலத்தை அவரையே தாளில் போடச் சொல்லுங்கள். பனையோலைப் பெட்டி வீட்டில் இருந்தால் அதன் மூடியை உற்றுப் பாருங்கள். சாயம் போட்ட ஓலையும் போடாத ஓலையும் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி இறங்கிச் சதுரம் சதுரமாக வரும். அதைக் கட்டக் கொப்பியில் அப்படியே கோடாக்கினால் முதல்தரமான நிறந்தீட்டும் படம். சேலைக் கரை, பழைய வீட்டுக் கதவுக்கு மேலே இருக்கும் மரக் கொத்து வேலை எல்லாம் இதற்குள் அடங்கும்.

வட்டத்துக்குள் வட்டமாகக் கோலம் விரியும் மண்டலப் படம்தான் மனதை ஆற்றும் என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். அந்தக் கதைக்கு ஒரு மூலம் உண்டு. 2005இல் அமெரிக்காவில் நான்சி கரி, ரிம் காசர் என்ற இருவர் 84 பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முதலில் அவர்களைக் கொஞ்சம் பதற வைத்து, பிறகு 20 நிமிடம் நிறந்தீட்ட விட்டார்கள். ஒரு பகுதியினருக்கு மண்டலம், ஒரு பகுதியினருக்குக் கட்டம்போட்ட துணி மாதிரியான படம், மற்றவர்களுக்கு வெறுந்தாள். மண்டலம் தீட்டியவர்களுக்கும் கட்டம் தீட்டியவர்களுக்கும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. வெறுந்தாள்காரருக்கு அப்படிக் குறையவில்லை. விளம்பரக்காரர் மண்டலத்தைப் பிடித்துக்கொண்டார், கட்டத்தை விட்டுவிட்டார். ஒழுங்கு உள்ள, ஆனால் கொஞ்சம் சிக்கலான உருவம் எதுவும் உதவும் என்றுதான் நான் அதை விளங்கிக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் பெட்டிமூடிப் பின்னலும் கணக்கில் சேரும். ஒன்றைமட்டும் சொல்லிவிடுகிறேன்: இது பொழுதுக்கும் மனதுக்கும் ஒரு துணை, வைத்தியம் இல்லை. அம்மா சாப்பாடும் நித்திரையும் இல்லாமல் கிடந்தால் கலர்ப் பெட்டி பார்த்துக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி அண்ணாவின் 120 பென்சில். வேண்டாம். 24 அல்லது 36 போதும். அதே காசுக்குத் தரம் கூடியதை அனுப்பச் சொல்லுங்கள். 120 நிறம் முன்னால் விரிந்தால் எதை எடுப்பது என்றே அரை மணித்தியாலம் போய்விடும். என்னிடம் சனிக்கிழமைகளில் விறாந்தையில் இருந்து தீட்டுகிற ஐந்தாறு பேரில் ஒருவரிடம் அப்படி ஒரு பெரிய தகரப் பெட்டி உண்டு. அதில் பதினைந்து பென்சில்தான் கட்டையாகியிருக்கிறது, மற்றதெல்லாம் வந்தபடி கூராக நிற்கிறது. நிறத்தை நாங்கள் பூச்சில் உண்டாக்கலாம். பச்சைக்கு மேலே சிவப்பை மெல்லமாய் ஓட்டிப் பாருங்கள், பச்சையின் பகட்டுப் போய்க் காய்ந்த ஓலை நிறம் வரும். மஞ்சளை முதலில் போட்டு அதன்மேல் நீலத்தை ஏற்றினால் பெட்டியில் இல்லாத இரண்டு மூன்று பச்சை கிடைக்கும்.

கலர் பென்சிலில் இரண்டு சாதி. மெழுகு கூடியது ஒன்று, எண்ணெய் கூடியது மற்றது. பிறிஸ்மாகலர் பிரிமியர் மெழுகுச் சாதி. வெண்ணெய் மாதிரி இழுபடும், கையை அமத்தத் தேவையில்லை. பேபர் காஸ்ரலின் பொலிகுறோமோஸ் எண்ணெய்ச் சாதி. கொஞ்சம் இறுக்கம், கூர் நெடுநேரம் நிற்கும், சின்னக் கட்டங்களுக்கு நல்லது. மூட்டு நோ உள்ளவருக்கு மெதுவான பென்சில்தானே நல்லது என்று உடனே சொல்லத் தோன்றும். நானும் முன்பு அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் மெழுகுப் பென்சிலுக்கு எங்கள் ஊரில் இரண்டு தொல்லை. சித்திரை வெயிலில் முனை இளகிக் கட்டருக்குள் அப்பிக்கொள்ளும். அழுத்தித் தீட்டிய இடத்தில், கடும் நிறங்களில், சில நாளில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது போலத் தெரியும். அது பூஞ்சணம் இல்லை, மெழுகு மேலே கிளம்புவது. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போய்விடும், ஆனால் தெரியாதவர் பயந்துவிடுவார். அம்மாவுக்கு எண்ணெய்ச் சாதியே என் தெரிவு. அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றித் தீட்டப் பழக்குங்கள். ஒரு பூச்சு மங்கலாகத்தான் இருக்கும், மூன்றாவதில் தாள் நிறைந்துவிடும். பென்சிலில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றி றப்பர் வளையம் போட்டால் பிடி தடிக்கும், பெருவிரலுக்குச் சுகம்.

வாங்கும்போது பென்சிலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நிறக் குச்சி மரத்துக்குச் சரி நடுவில் இருக்க வேண்டும். ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் கட்டர் அந்தப் பக்கத்தைக் கூடத் தின்னும், சீவச் சீவ முறியும். நல்ல பென்சிலும் முறிவதற்கு வேறு காரணம் உண்டு. போன மாதம் விறாந்தையில் ஒரு அக்கா சிவப்பைச் சீவிக்கொண்டே இருந்தா. முனை வரும், தாளில் வைக்க விழும். மூன்று தரம் அப்படி. கடைசியில் நான் கத்தியால் மரத்தை நீளப்பாட்டில் பிளந்து காட்டினேன். உள்ளே குச்சி ஏழெட்டுத் துண்டாகக் கிடந்தது. சீமெந்து நிலத்தில் எப்போதோ விழுந்திருக்கிறது, வெளியே ஒரு கீறலும் இல்லை. மேசையில் ஒரு துவாயை விரித்து, அதன்மேல் பென்சிலை வையுங்கள். உருண்டு விழாது. அண்ணா கார்கோவில் போடுவதென்றால் பெட்டியைச் சேலை, துவாய்க்கு நடுவில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கட்டர் மட்டும் மலிவாக வாங்காதீர்கள். அலகு மழுங்கினதும் மாற்றுங்கள்.

பிள்ளைகள் பாவிக்கிற பிளட்டிக்னம் பேனை, அதாவது பஞ்சு முனைப் பேனை, தண்ணீர் மை. அற்ககோல் மை போல ஊறாது, ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் தாள் உரிந்து திரளும். ஜெல் பேனை கடைசிப் பொட்டுக்கு மட்டும். மாரியில் அது காய நேரமெடுக்கும், கை பட்டால் இழுபடும்.

வெளிச்சத்தை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். மஞ்சள் பல்ப்புக்குக் கீழே வெளிர் மஞ்சள் தாளில் தெரியவே தெரியாது, கடும் நீலமும் கறுப்பும் ஒன்றாகத் தோன்றும். காலையில் விறாந்தை வெளிச்சம்தான் சிறந்தது. இரவுக்கென்றால் பெட்டியில் 5000 தொடக்கம் 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை எல்.ஈ.டி. வாங்கி, வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் வையுங்கள். கையின் நிழல் படத்தில் விழாது.

கார்த்திகை, மார்கழியில் தாள் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும், நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டியோடு வருகிற சிலிக்கா பையைப் போட்டு வையுங்கள். கறையானுக்கும் அந்த மூடிய பெட்டியே காவல். தீட்டிய படத்தைச் சுவரில் மாட்ட ஆசை வந்தால் மேற்கு யன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். ரோசாவும் ஊதாவும் முதலில் வெளிறும். பேபர் காஸ்ரல் பென்சிலில் நிறப் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருப்பார்கள், மூன்று நட்சத்திரம் என்றால் வெளிச்சத்தை ஆகக் கூடத் தாங்கும்.

பென்சில் வந்ததும் அம்மாவைப் படத்தில் தொடங்க விடாதீர்கள். கொப்பியில் உள்ள அதே தாளில் ஒரு துண்டு வெட்டி, 24 கட்டம் கீறி, ஒவ்வொரு நிறத்தையும் இடப்பக்கம் மெல்லமாய், வலப்பக்கம் கடுமையாய்த் தீட்டி, கீழே இலக்கம் எழுதச் சொல்லுங்கள். மரத்தில் பூசிய நிறமும் தாளில் வருகிற நிறமும் ஒன்றல்ல. அட்டவணை போடுவது கணக்கு ரீச்சருக்குப் பிடித்த வேலையாகவும் இருக்கும்.

அந்த 80 மார்க்கரை எறியாதீர்கள். இரண்டு முனை உள்ளது என்றால் படுக்க வைத்துச் சேமியுங்கள், நிறுத்தினால் மை ஒரு முனைக்கு இறங்கிவிடும். தீட்டும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், அந்த மணம் தலையிடி தரும். பழுதான கொப்பியையும் வைத்திருங்கள். ஊறிய பக்கங்களை மார்க்கர் சோதிக்கிற தாளாகப் பாவிக்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஆட்கள் வரும்போது 300 ஜி.எஸ்.எம். தாளைக் கீலம் கீலமாக வெட்டி, பேரப்பிள்ளைகளிடம் அந்த மார்க்கரைக் குடுத்துவிடுங்கள். அம்மா அவரின் பென்சிலை ஒளித்து வைக்கட்டும்.