பாட்டிலில் என்ன இருக்கிறது?: வாங்குவோர் கேள்வி-பதில்

தீபாவளி நெருங்குகிறது. இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் நாய்களைப் பற்றியவை.

எங்கள் நாட்டு நாய் வெடிச்சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் நடுங்கும். ‘நூறு சதவீதம் இயற்கை’ என்ற விளம்பரம் பார்த்து ஆன்லைனில் 899 ரூபாய்க்குச் சொட்டு மருந்து வாங்கினேன். இரண்டாவது வேளையிலேயே வாந்தி. பாட்டிலில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதவே இல்லை. சீல் உடைத்ததால் பணம் தரமாட்டார்களாம். (வேளச்சேரி வாசகி)

மருந்தை நிறுத்துங்கள், பாட்டிலை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் சாட்சி. வாந்தி நிற்காவிட்டால் அதையும் எடுத்துக்கொண்டு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் எழுதும் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

சீலை உடைக்காமல் நாய்க்கு மருந்து கொடுப்பது எப்படி என்று அவர்களே சொல்லட்டும். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க விற்றவர் மறுக்கக் கூடாது. விற்ற நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் கடிதம் கிடைத்ததென்று பதில் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, விடாதீர்கள்.

இந்த ‘இயற்கை’ என்ற சொல்லைப் பற்றி எனக்குப் பல வருட ஆத்திரம் இருக்கிறது. அரளியும் இயற்கைதான், எருக்கம்பாலும் இயற்கைதான். கற்பூரத்தையும் டீ ட்ரீ எண்ணெயையும் நாய் நக்கினால் வலிப்பு வரை போகலாம். ஆயுர்வேத மருந்து என்றால், அது விலங்குக்கானதாக இருந்தாலும், உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, மூலப்பொருள் பட்டியல் எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். அதனால்தான் சிலர் ‘மருந்து’ என்று எழுதாமல் ‘சப்ளிமென்ட்’ என்று நழுவுகிறார்கள். அதற்கும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, புகார் எண் கட்டாயம். இலை படமும் சிரிக்கும் நாய்க்குட்டி படமும் போட இடமிருக்கிறது, உள்ளே இருப்பதை எழுத மட்டும் இடமில்லையா? பட்டியல் இல்லாத பாட்டிலை நாயின் வாயருகே கொண்டுபோகாதீர்கள். பட்டியலில் சைலிட்டால் இருந்தாலும் வேண்டாம். அந்த இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

அப்பாவின் தூக்க மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா? (அம்பத்தூர்)

கூடாது.

லாவண்டர் எண்ணெய் டிஃப்யூசர் வாங்கலாமா? (மயிலாப்பூர்)

மணத்தை அறையெங்கும் பரப்பும் அந்தக் கருவி ஒன்றை நானும் 1,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடைக்காரர் ‘அரை மணியில் அமைதியாகிவிடும்’ என்றார். நமக்கே மணக்கும் நெடி நாயின் மூக்குக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. என் நாய் அறையை விட்டு எழுந்துபோய் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் படுத்தது. இரண்டு நாள் அங்கேயேதான். அது பயந்தபோது ஓடி ஒளிந்த ஒரே அறையை நானே அதற்கு ஆகாத இடமாக்கிவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வாங்காதீர்கள்.

மூன்று காலர், இரண்டு எண்ணெய், ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிவிட்டேன். என் ஹஸ்கி ஓயாமல் குரைக்கிறது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பகலெல்லாம் பால்கனியில்தான் இருக்கும். அடுத்து எதை வாங்கலாம்? (பெருங்குடி)

எதையும் வாங்காதீர்கள். பனிப்பிரதேசத்து நாயைச் சென்னை வெயிலில் பால்கனியில் அடைத்துவிட்டு அதன் அமைதியைக் கடையில் தேடுகிறீர்கள். வீட்டுக்குள் விடுங்கள். விடியற்காலையிலும் இரவிலும் நடக்கக் கூட்டிப்போங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வையுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், நாய் வாங்கும் முன்பே இந்தக் கடிதத்தை எழுதியிருக்க வேண்டும்.

2,200 ரூபாய் இறுக்க ஜாக்கெட் பலன் தருமா? (மடிப்பாக்கம்)

சில நாய்களுக்குத் தரும். முதலில் பழைய பனியனை இதமாக இறுக்கிக் கட்டிப் பாருங்கள். மூச்சு இரைத்தால் உடனே கழற்றுங்கள்.

தேயிலைச் சத்து மாத்திரை நல்லது என்கிறார்களே? (தாம்பரம்)

அதில் இருக்கும் எல்-தியானின் என்ற தேயிலைச் சத்து லேசான பயத்துக்குக் கொஞ்சம் உதவலாம். வெடிக்குச் சுவரைப் பிராண்டும் நாய்க்கு அது போதாது. டீயையே ஊற்றிவிடாதீர்கள், கஃபீன் நாய்க்கு விஷம். பயம் அதிகமென்றால் இப்போதே டாக்டரைப் பாருங்கள். அவர் தரும் மாத்திரையை ஓர் அமைதியான நாளில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். உடம்பை அசையவிடாமல் செய்து பயத்தை அப்படியே வைக்கும் மருந்தும் உண்டு. அதனால் ‘இது பயத்தைக் குறைக்குமா, வெறுமனே மயங்க வைக்குமா?’ என்று கேட்டு வாங்குங்கள்.

யாராவது வெடி போட்டால் எங்கள் தெரு நாய் என் வாசலில் வந்து ஒடுங்குகிறது. நான் பென்ஷனில் வாழ்கிறேன். விலை குறைவாக ஏதாவது சொல்லுங்கள். (தண்டையார்பேட்டை வாசகி)

அம்மா, உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு கோணியை விரித்து, மேலே பழைய போர்வையைத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். மின்விசிறியும் ரேடியோவும் ஓடட்டும். தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அருகே வந்தால் தாராளமாகத் தடவுங்கள். தீபாவளியன்று வெடிக்கு அனுமதி காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. ஆனால் முந்தின இரவே ஆரம்பித்துவிடுவார்கள். அன்று சாயங்காலமே சோறு போட்டு உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். தெரு அடங்கும்வரை கேட்டைத் திறக்க வேண்டாம்.