தேயிலைத் தூள் விலை ஏறினாலும் பச்சைத் தேயிலை போடும் விவசாயிக்கு ஏன் அந்த லாபம் வருவதில்லை?

நீலகிரியில் தோட்டம் வாங்கும் யோசனையில் இதைக் கேட்கிறீர்கள் என்றால், உள்ளதைச் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். அப்பா காலத்திலிருந்து பச்சைத் தேயிலைதான், அதாவது செடியில் பறித்த இலையைத் தூளாக்கும் பாக்டரிக்குப் போடுவதுதான், சோறு போடுகிறது.

தூள் விற்ற பணத்தை விவசாயிக்கும் பாக்டரிக்கும் பங்கு பிரிக்கச் சட்டம் இருக்கிறது. 2003 தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விவசாயிக்கு 60 சதவீதம், பாக்டரிக்கு 40 சதவீதம் என்று இருந்தது. பிறகு 65க்கு 35 ஆனது. ஆனால் அந்த 65 குன்னூர் ஏலத்தில் பாக்டரியின் தூள் மொத்தமாகப் போகிற விலையில்தான், உங்கள் மளிகைக் கடை விலையில் இல்லை. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ இலை வேண்டும். ஏலத்தில் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்; இலைக்கு 14 ரூபாய்ச் சொச்சம். பறிகூலி, உரம், வண்டி வாடகை எல்லாம் அதற்குள்தான். ஏலத்துக்கு அப்புறம் கலந்து, பாக்கெட் போட்டு, பெயர் ஒட்டி விற்பதில் வரும் லாபம் இந்தக் கணக்கிலேயே சேராது.

அதைவிட முக்கியம், தூளை வைத்திருந்து விற்கலாம், இலையை வைத்திருக்க முடியாது. போன சீசனில் மழைக்குப் பின் கொழுந்து குபீரென்று வந்தது. எல்லோருக்கும் அப்படித்தானே, பாக்டரி நிறைந்துவிட்டது என்று வண்டியைத் திருப்பிவிட்டார்கள். சாயங்காலம் மூட்டைக்குள் கைவிட்டால் சுடுகிறது, நடுவில் இருந்த இலை சிவந்திருந்தது. "அண்ணா, சொன்ன விலைக்குப் போடுறதுன்னா போடுங்க, நாளைக்கு யாரும் எடுக்க மாட்டாங்க" என்றார் எங்களிடம் இலை வாங்கிப் பாக்டரிக்குக் கொடுக்கும் ஏஜென்ட். இலை ஈரமாக இருக்கிறது என்று எடையிலும் கழித்துக்கொண்டார். போட்டோம், வேறு வழி?

பாக்டரிக்கும் விறகு, கரண்ட், ஆள் கூலி உண்டு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. முற்றல் இலையையும் சேர்த்து வெட்டிப் போடுகிறோம் என்ற புகாரும் உண்மைதான். கையால் நல்ல கொழுந்தாகப் பறிக்க ஆள் விட்டால் அந்த 14 ரூபாயில் என்ன மிஞ்சும்?

   

சரி, வாங்குவதானால் மண்ணைப் பார்க்கும் முன் பக்கத்தில் எத்தனை பாக்டரி, சீசனில் இலையைத் திருப்புகிறார்களா, கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினராகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள். தரகரிடம் வேண்டாம், அங்கே இலை போடுகிறவர்களிடமே கேளுங்கள்.