வாசகர் கேள்வி: கேட்டோ மேனர் தோட்டமும் மாரியம்மன் கோயிலும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள கேட்டோ மேனரில் தாத்தா வாங்கிய தோட்டத்தின் ஓரமாக ஒரு மாரியம்மன் கோயில் இருந்தது. இனத்துக்கொரு பகுதி என்று ஒதுக்கிய இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் நிலம் போய், நாங்கள் இந்தியருக்கான சாட்ஸ்வர்த்துக்கு வந்தோம். பெரியப்பா மனுப் போட்டதாகச் சொல்கிறார்கள். நிலம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: பெரியப்பா எந்தத் தேதியில் மனுப் போட்டார் என்று முதலில் பாருங்கள், அம்மா. 1994ஆம் ஆண்டு நில உரிமை மீட்புச் சட்டப்படி 1998 டிசம்பர் 31தான் கடைசி நாள். 2014இல் மறுபடி அவகாசம் கொடுத்தார்கள். அந்தத் திருத்தம் செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2016 ஜூலை 28இல் சொல்லிவிட்டது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் வந்த மனுக்கள், 1998க்குள் வந்தவை தீரும்வரை காத்துக் கிடக்கின்றன. நில உரிமை ஆணையத்தின் மாகாண அலுவலகத்தில் பெரியப்பாவின் முழுப்பெயரையும் பழைய மனை எண்ணையும் கொடுத்து, மனு எண்ணை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் எடுக்க வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். பத்திரத்தில் 'மூன்சாமி', இறப்புச் சான்றில் 'முனுசாமி', பேரனின் அடையாள அட்டையில் இன்னொன்று. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்கள் இவை. ஒப்பந்தக் கூலியாக வந்த முன்னோருக்குக் கொடுத்த எண் பழைய காகிதங்களில் கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்ட அது மிகவும் உதவும். திருமண, இறப்புச் சான்றுகளோடு பிரமாணப் பத்திரமும் சேருங்கள்.

கோயில் நின்ற துண்டு தாத்தா பெயரிலா, அறங்காவலர்கள் பெயரிலா என்றும் பாருங்கள். அறங்காவலர்கள் பெயரில் இருந்தால் வாரிசு என்ற முறையில் அதைக் கேட்க முடியாது. அன்று நஷ்டஈடு வாங்கியிருந்தாலும் உரிமை போய்விடாது. அது நியாயமான தொகைதானா என்று பார்ப்பார்கள். இப்போது வீடுகள் எழும்பிய இடமென்றால் அதே மண் திரும்புவது அரிது. பணமோ மாற்று நிலமோதான்.

கேள்வி: ஆதியில் அது ஜூலு மக்கள் நிலம். நாம் கேட்பது முறையா?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. நில உரிமை மீட்புச் சட்டம் 1913 ஜூன் 19க்குப் பின் நடந்த பறிப்பை மட்டுமே பார்க்கிறது. கறுப்பின மக்களை நாட்டின் ஏறத்தாழ 7 விழுக்காடு நிலத்துக்குள் அடைத்த சட்டம் வந்த நாள் அது. டர்பன் இருக்கும் நேட்டாலில் அவர்கள் மண்ணை இழந்ததோ, ட்ரூரோ கப்பலில் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதலில் வந்திறங்கிய 1860க்கும் முன்பே தொடங்கிவிட்டது. அந்தப் பழைய இழப்புக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. எங்கள் பார்வையில் இது பெரிய குறை.

டர்பனின் முதல் மேயர் கேட்டோவின் பெயரால் வழங்கும் அந்த இடத்தை ஜூலு மக்கள் உம்கும்பானே என்பார்கள். நம்மவர் அங்கே தோட்டம் போட்டார்கள், ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு இடம் வாடகைக்கும் விட்டார்கள். 1949இல் இரு தரப்புக்கும் இடையே கலவரம் நடந்தது. 1950களின் இறுதியிலிருந்து அந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களையும் கறுப்பினத்தவருக்கான குவாமாஷு குடியிருப்புக்கு அப்புறப்படுத்தினார்கள். பத்திரம் இல்லாவிட்டாலும், பறிபோகும் முன் தொடர்ந்து 10 ஆண்டு அனுபவித்த இடத்துக்கு உரிமை கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆகவே உங்கள் மனைக்கே ஒரு ஜூலு குடும்பமும் மனுப் போட்டிருக்கலாம். ஆணையத்தில் அதையும் விசாரித்து, இருந்தால் விசாரணைக்கு முன்பே அவர்களைப் போய்ப் பாருங்கள்.