ரேடார் 15 என்கிறது, கோர் 10 என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: அண்டார்க்டிகாவின் உட்பகுதிப் பீடபூமியில் எடுத்த தரவை வைத்து ஆய்வேடு எழுதுகிறேன். 40 கிலோமீட்டர் பாதையில் பனிமேல் ரேடாரை இழுத்துச் சென்று எடுத்த பதிவு ஒன்றும், அந்தப் பாதை தொடங்கும் இடத்தில் துளையிட்டு எடுத்த 20 மீட்டர் ஐஸ் கோர் (பனித் தண்டு) ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் 2015 ஜனவரியில் எடுத்தவை. அணுகுண்டுச் சோதனைகளின் 1965ஆம் ஆண்டுக் கதிரியக்க உச்சம் கோரில் 10.9 மீட்டரில் கிடைத்தது. அதன்படி ஆண்டுக்குச் சேரும் பனி, உருக்கிப் பார்த்தால், ஏறக்குறைய 10 செ.மீ. நீர். அந்த ஆழத்துக்கு உரிய கோட்டை ரேடார் படத்தில் 100 நானோ நொடியில் என் வழிகாட்டி குறித்துக் கொடுத்தார். தரவைப் பகுத்துத் தந்த நிறுவனமோ அதே கோட்டுக்கு 15 செ.மீ. என்கிறது. “கோர் ஒரே ஒரு புள்ளி, ரேடார் 40 கிலோமீட்டர் பார்த்திருக்கிறது, ரேடாரை நம்புங்கள்” என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் இணைத்திருந்த அறிக்கையைப் பார்த்தேன், தவறு மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது.

ரேடார் ஆழத்தை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. அலை கீழே போய், கோட்டில் பட்டுத் திரும்ப 100 நானோ நொடி ஆகிறது என்பது மட்டும்தான் அந்தக் கருவிக்குத் தெரியும். அதை மீட்டராக மாற்ற அலையின் வேகம் வேண்டும். கெட்டியான பனிக்கட்டிக்குள் அலை நானோ நொடிக்கு 16.8 செ.மீ. போகும். போக 50, வர 50 என்று வைத்தால் ஆழம் 8.4 மீட்டர். அதைப் பனிக்கட்டியின் அடர்த்தியான 917ஆல் (கன மீட்டருக்கு இத்தனை கிலோ) பெருக்கி 50 ஆண்டுகளுக்குப் பிரித்தால், ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 154 கிலோ, அதாவது 15.4 செ.மீ. நீர் வரும். உங்கள் அறிக்கையில் இருப்பது இந்தக் கணக்குதான். மென்பொருளைத் திறந்ததும் அது தானாகக் காட்டும் வேகத்தை யாரும் மாற்றவில்லை.

உங்கள் இடத்தில் மேல் 11 மீட்டரில் இருப்பது பனிக்கட்டியே இல்லை. பழைய பனி, மேலே விழும் புதுப் பனியின் கனத்தில் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருக்கும் நிலை அது, ஃபிர்ன் என்போம். ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள், கட்டிச் சர்க்கரை மாதிரி மணிமணியாக, எடை குறைவாக இருக்கும். பாதிக்குப் பாதி காற்று. அது உண்மையான பனிக்கட்டியாக மாற 50 மீட்டருக்கும் கீழே போக வேண்டும், குளிர் மிகுந்த இடங்களில் 100 மீட்டரையும் தாண்டும். உங்கள் கோரின் எடைப் பட்டியலில் மேல் 11 மீட்டரின் சராசரி அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 450 கிலோ. காற்று கலந்திருப்பதால் இதற்குள் அலை வேகமாகவே ஓடும், நானோ நொடிக்கு 21.7 செ.மீ. ஆழம் 10.9 மீட்டர் ஆகிறது. 450ஆல் பெருக்கி 50 ஆண்டுக்குப் பிரியுங்கள்: 9.8 செ.மீ. சண்டை தீர்ந்தது.

ஆனால் இதை வைத்து “ரேடாரும் கோரும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின” என்று எழுதிவிடாதீர்கள். வயதையும் அடர்த்தியையும் கொடுத்தது கோர். கதிரியக்கத்துக்கு ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் சக்தி கிடையாது. நீங்கள் பார்க்கும் கோடு அதே ஆழத்தில் அடர்த்தி சட்டென்று மாறும் ஓர் இடம், அவ்வளவுதான். ஒரு காலத்தில் அது பனிப்பரப்பின் மேல்முகமாக இருந்ததால் கோடு நெடுக வயது ஒன்றே. கோரின் வயதை 40 கிலோமீட்டருக்குச் சுமந்து போவது மட்டும்தான் ரேடாரின் வேலை. அதைத் தனி சாட்சியாக நிறுத்தக் கூடாது.

ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பங்கு கோருக்குப் போகட்டும். அடர்த்தியில் 10 சதவீதம் தவறினால் விடையில் 7 சதவீதம் தவறும். (அடர்த்தியைக் கூட்டிச் சொன்னால் ஆழம் குறைந்து ஓரளவு சரிக்கட்டிவிடுகிறது, முழுதாக இல்லை.) வயதில் ஓராண்டு தவறினால் 50 ஆண்டுக் கணக்கில் 2 சதவீதம்தான். பத்தாண்டுக் கணக்கு என்றால் அதுவே 10 சதவீதம். கோரின் முதல் ஒரு மீட்டர் பெரும்பாலும் துளைக்கருவியிலிருந்து எடுக்கும்போதே உதிர்ந்துவிடும், அதன் நீளத்தையும் எடையையும் நம்ப முடியாது. பக்கத்தில் ஒரு குழி வெட்டி அங்கே அளந்தார்களா என்று களக் குறிப்பேட்டில் பாருங்கள்.

அப்புறம், பூஜ்ய நேரம். அலை பனிக்குள் நுழையும் கணத்தைக் கருவி தானாகக் கண்டுபிடிக்காது, நாம்தான் குறிக்க வேண்டும். ஐந்து நானோ நொடி பிசகினால் மேற்பரப்பில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான பனி, அதாவது 20 செ.மீ. நீர் கணக்கில் கூடும் அல்லது குறையும். உங்கள் இடத்தில் அது இரண்டு ஆண்டுப் பனி. ஆண்டுக்கு 3 செ.மீ. நீர்கூடச் சேராத அண்டார்க்டிகாவின் டோம் சி போன்ற இடத்தில் ஏழெட்டு ஆண்டுகள் போய்விடும். நான் ஒரு பருவம் முழுக்க ஆன்டெனாவைச் சறுக்கு வண்டியில் தூக்கிக் கட்டிவிட்டு, அடியிலிருந்த காற்றைக் கழிக்க மறந்தவன். அதனால்தான் இதை விடாமல் சொல்கிறேன்.

அறிக்கையின் கடைசியில் ஆண்டுவாரியாக வண்ணம் தீட்டிய படம் ஒன்று இருக்கிறதே, அதைத் தூக்கிப் போடுங்கள். உங்கள் ஆன்டெனா 400 மெகாஹெர்ட்ஸ். ஃபிர்னில் அதன் அலைநீளமே அரை மீட்டருக்கு மேல். உங்கள் இடத்தில் ஓராண்டுப் பனியின் தடிமன் மேற்பரப்பிலேயே 30 செ.மீ.க்கும் குறைவு, கீழே போகப் போக இன்னும் ஒடுங்கும். இதில் ஆண்டை ஆண்டாகப் பிரித்ததாக ஒருவர் விற்றால் அவர் படம் விற்கிறார். இப்படி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். பெரும்பாலோர் பனியில் கால் வைத்ததில்லை. சாலைக்கு அடியில் குழாய் தேடும் மென்பொருளை எடுத்து, பனி என்று பெயர் மாற்றி ஓட்டுகிறார்கள். மூலக் கோப்பைக் கேட்டால் “எங்கள் வடிவத்தில் இருக்கிறது, உங்களால் திறக்க முடியாது” என்பார்கள். மூலக் கோப்பு உங்கள் உடைமை. அதை வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம் என்று உங்கள் துறையிடம் சொல்லுங்கள்.

பனிப்படலம் நகர்வது, அடுக்குகள் நசுங்கி மெலிவது எல்லாம் உண்டு. 11 மீட்டருக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உருகலைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. உங்கள் பீடபூமியில் உருகல் இல்லை, உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் இதே மென்பொருளை உங்கள் நண்பர் கிரீன்லாந்துத் தரவுக்குப் பயன்படுத்தப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே 2012 ஜூலையில் சில நாட்களுக்குப் பனிப்படலத்தின் மேற்பரப்பு கிட்டத்தட்ட முழுவதுமே உருகியது. உருகிய நீர் எங்கே போகும்? கீழே இறங்கி, முந்தைய ஆண்டுகளின் ஃபிர்னுக்குள் மறுபடி உறைந்துவிடும். அந்த ஆண்டுப் பனியின் எடை பழைய ஆண்டுகளின் கணக்கில் ஏறிவிடுகிறது. நீர் உறையாமல் தங்கிவிட்டால் இன்னும் மோசம்: நீருக்குள் அலை நானோ நொடிக்கு 3 செ.மீ. சொச்சம்தான் ஊரும், கொஞ்சம் ஈரம் இருந்தாலே ஆழம் எல்லாம் பொய்யாகிவிடும். தென்கிழக்குக் கிரீன்லாந்தில் ஃபிர்னுக்குள் ஆண்டு முழுக்க உறையாத நீர் தேங்கி நிற்பதை 2011இல்தான் கண்டுபிடித்தார்கள். அதன் மேல்மட்டம் ரேடாரில் அழகான, பளிச்சென்ற கோடாகத் தெரியும். அதைப் பழைய பனிப்பரப்பு என்று நினைத்து வயது போட்டால் தொலைந்தது. உங்கள் நண்பரிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

சரி, உங்கள் 40 கிலோமீட்டருக்கு வருவோம். பாதையின் மறுமுனையில் அதே அடுக்கை மென்பொருள் 130 நானோ நொடியில் காட்டுகிறது. கோரின் அடர்த்தியை அங்கேயும் வைத்தால் ஆண்டுக்கு 13 செ.மீ. அளவில் வரும். அங்கே பனி உண்மையிலேயே அதிகம் சேர்ந்திருக்கலாம், பள்ளமான இடத்தில் காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டும். காற்று பனியை இறுக்கி அடர்த்தியை மாற்றியும் இருக்கலாம். தீர்த்துச் சொல்ல மறுமுனையில் இன்னொரு கோர் வேண்டும், 15 மீட்டர் போதும். அதுதான் நடக்காது. 40 கிலோமீட்டர் வண்டி ஓட்ட எரிபொருள் தருவார்கள், பாதை முடியும் இடத்தில் ஒரு நாள் நின்று துளை போடக் கேட்டால் திட்டத்தில் இல்லை என்பார்கள். முப்பது கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டினால் அறிக்கையில் பெருமையாகப் போடலாம், இரண்டாவது கோரை யார் போடுவார்கள்!

தானாகக் கோட்டைத் தொடரும் பொத்தானை அணைத்துவிட்டு, கோரிலிருந்து கண்ணால் பார்த்துக் கையால் தொடருங்கள். உங்கள் படத்தில் 27ஆவது கிலோமீட்டரில் ஒரு மேட்டைக் கடக்கும்போது கோடு அறுந்து, அந்தப் பக்கம் இரண்டு கோடுகளாகத் தெரிகிறது. மென்பொருள் மேலுள்ளதைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. கீழுள்ளதாகவும் இருக்கலாம். 27 வரை முழுக் கோடாக வரைந்து எண் கொடுங்கள். அதற்கு மேல் புள்ளிக்கோடு போட்டு, இரண்டு கோடுகளுக்கும் வரும் இரண்டு எண்களையும் எழுதுங்கள்.