சின்ன வாய்க்குப் பெரிய உருண்டை

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மீன் தொட்டி பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை தொட்டி, வடிகட்டி, 20 நியோன் டெட்ரா எல்லாம் ஒன்றாக வாங்கினேன். வியாழனுக்குள் பாதி செத்துவிட்டன. கடைக்காரர் தண்ணீர் பிழை என்கிறார். காசைத் திருப்பிக் கேட்கலாமா? (வெள்ளவத்தை)

பதில்: தண்ணீர் பிழைதான். ஆனால் அதை அவர் விற்கும் முன்னரே சொல்லியிருக்க வேண்டும், அதனால் தாராளமாகக் கேளுங்கள். புதுத் தொட்டியில் மீனின் கழிவு மீனுக்கே நஞ்சான அமோனியாவாக மாறும், அதைத் தின்று தீர்க்கும் பக்டீரியா வடிகட்டியில் வளர 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதுவரை நாலைந்து உறுதியான மீன் போதும், கப்பி என்றால் நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, ஒரு நாள் திறந்து வைத்தோ குளோரின் நீக்கும் மருந்து போட்டோதான் ஊற்ற வேண்டும். அப்புறம், நியோன் டெட்ராவுக்கு 26 பாகைக்கு மேல் தண்ணீர் சூடானால் பிடிக்காது, கொழும்பு வீட்டில் மத்தியானம் எவ்வளவு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். மிச்ச மீனைக் காப்பாற்ற, தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், சாப்பாட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள். தயவுசெய்து இப்போது இன்னும் மீன் வாங்காதீர்கள்.

கேள்வி: தொட்டியுடன் ஹீட்டரும் கட்டாயம் என்று விற்றார்கள். தேவையா? (தெஹிவளை)

பதில்: கொழும்பில் தேவையில்லை. பெட்டி பிரிக்காமல் இருந்தால் இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: எம்பர் டெட்ரா வைத்திருக்கிறேன், 2 சென்ரிமீற்றர்தான். உணவை வாயில் எடுத்துத் துப்புகின்றன. 'எல்லா மீனுக்கும் பொருந்தும்' என்று சொல்லி, பொலித்தீன் பையில் நிறுத்துக் கொடுத்த உருண்டை உணவு. (கொட்டாஞ்சேனை)

பதில்: துப்புவதற்குக் காரணம் அளவு. அந்த வாய்க்குள் அந்த உருண்டை போகாது. விரல்களுக்கிடையில் மாவாக நசுக்கிப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும், நாளுக்கு இரண்டு தடவை. மிஞ்சி அடியில் விழுவதெல்லாம் திரும்பவும் அமோனியாதான்.

ஆனால் என் கோபம் அந்தப் பையில் இருக்கிறது. பெரிய மூட்டையைப் பிரித்து, வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் மாதக்கணக்கில் வைத்து, திகதி இல்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லாமல் விற்கிறார்கள். மீன் உணவில் உள்ள கொழுப்பு காற்றுப் பட்டால் காறிப்போகும், விற்றமின் சி சீக்கிரம் அழியும், எங்கள் ஈரக் காற்றில் பூஞ்சணமும் பிடிக்கும். புறக்கோட்டையில் ஒரு கடையில் நானும் 'வெளிநாட்டுச் சரக்கு' என்ற பேச்சை நம்பி அரைக்கிலோ வாங்கினேன், வீட்டில் பையைத் திறந்ததும் பழைய எண்ணெய் நாற்றம், அவ்வளவும் குப்பைக்குப் போனது. பில் கேட்டதற்கு "இதுக்கெல்லாம் பில் இல்லை" என்றார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, அழைத்துச் சொல்லுங்கள். இனி முத்திரை உடையாத, திகதி போட்ட சின்ன டப்பாவாக வாங்குங்கள், திறந்து சில மாதங்களில் முடிகிற அளவில். கிலோக் கணக்கு மலிவாகத் தெரியும், 10 சின்ன மீன் அதை எப்போது தின்று முடிக்கும்?

கேள்வி: ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். மீனுக்காகப் பின்வளவில் ஒரு வாளியில் நுளம்புக் குடம்பி வளர்க்கிறேன். செலவில்லை, மீனும் விரும்பித் தின்கிறது. தொடரலாமா? (மட்டக்குளி)

பதில்: தம்பி, வாளியை இன்றைக்கே காய்ந்த மண்ணில் கவிழ்த்துவிடு. ஒரு நாள் எடுக்க மறந்தால் குடம்பி நுளம்பாகிப் பறந்துபோய் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். டெங்குவால் இந்த ஊர் பட்டது போதாதா? நுளம்பு பெருக விடுவது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் அப்பா அம்மாதான் நீதிமன்றம் போக வேண்டும். உயிருணவு வேண்டுமென்றால் ஆர்ட்டீமியா என்ற, உப்புத் தண்ணீரில் வாழும் சின்ன இறால் போன்ற உயிரின் முட்டை வாங்கு. ஒரு லீட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு, காற்றுக் குழாய், ஒரு போத்தல். எங்கள் வெக்கையில் 24 முதல் 36 மணித்தியாலத்தில் பொரித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசிப் போடு.

கேள்வி: கண்ணாடி மீன் ஒன்று, உடம்பில் நீலமும் பச்சையும் கோடு கோடாக. மகள் கேட்கிறாள், வாங்கலாமா? (பம்பலப்பிட்டி)

பதில்: வேண்டாம். அந்த மீனுக்கு நிறமே இல்லை, ஊசியால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். நிறம் சில மாதங்களில் மங்கும், அதற்கு முன்னரே நோய் வந்து பல செத்துப்போகும். சிவப்பு வேண்டுமென்றால் செர்ரி பார்ப் கேளுங்கள். எங்கள் தென்மேற்கு ஓடைகளுக்கே உரிய மீன், 5 சென்ரிமீற்றர் வரை வளரும், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் இரத்தச் சிவப்பாகும். ஆறேழாக வாங்குங்கள். ஓடையில் பிடித்ததா, பண்ணையில் பெருக்கியதா என்று கேட்டு, பண்ணை மீனை மட்டும் வாங்குங்கள்.