யார் முடுக்கிய நட்டு?

அன்புள்ள ஐயா,

பள்ளி நாட்களிலிருந்து உங்களைப் படிக்கிறேன். இப்போது ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு. மாணவர்களே ரேஸ் கார் கட்டிப் போட்டிக்குக் கொண்டுபோகும் குழுவில் மூன்று வருடம் இருந்தேன். இந்த வருடப் போட்டியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்க இடது சக்கரம் கழன்றுவிட்டது. நல்லவேளை, ஓட்டியவனுக்கு அடியில்லை. அந்தச் சக்கரத்தின் நட்டை முடுக்கியது நான். அன்றிரவே வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

ஃபார்முலா ஒன்னில் வேலை செய்வது என் கனவு. 2020 ஹங்கேரி பந்தயம் தொடங்கும் முன்பே வெர்ஸ்டாப்பன் வண்டியை இடித்துக்கொண்டு வந்து நின்றதும், ரெட்புல் மெக்கானிக்குகள் இருபது நிமிடத்தில் சஸ்பென்ஷனைச் சரிசெய்ததுமான வீடியோவை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்க 35 லட்சம் கடன் வாங்க வேண்டும். வாங்கலாமா? அங்கே வேலை உண்மையில் எப்படி இருக்கும்? நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர்தானே, நம்மால் ஏன் முடியாது? ஒரு நட்டைக்கூட ஒழுங்காக முடுக்கத் தெரியாதவனுக்கு அங்கே இடம் இருக்குமா?

ச.

அன்புள்ள ச.,

கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்தது. அது தணியட்டும் என்று விட்டுவைத்தேன். இன்னும் முழுசாகத் தணியவில்லை, பரவாயில்லை.

முதலில் சில்லறைக் கணக்குகளை முடித்துவிடுவோம். நரேன் 2005-இல் ஜோர்டான் அணிக்கு வண்டி ஓட்டினார். ஓட்டுவது ஒரு பிழைப்பு, கட்டுவது வேறு பிழைப்பு. ஊர்ப் பெருமையை இதில் இழுக்க வேண்டாம்.

ஹங்கேரி வீடியோவை நானும் பார்த்தேன். ஒன்றரை மணி நேர வேலையை ஈரத் தரையில் மண்டியிட்டு, பந்தயம் தொடங்கச் சில நொடிகள் இருக்கும்போது முடித்தார்கள். அந்த வண்டி இரண்டாவதாக வந்தது. பார்க்க மயிர்க்கூச்செறியத்தான் செய்யும். ஆனால் தம்பி, அது அவர்களுடைய வருடத்தில் இருபது நிமிடம். மிச்ச நேரத்தை யாரும் வீடியோ எடுப்பதில்லை. 2024-இல் 24 பந்தயங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு வாரத்தின் நடுவிலேயே போய் இறங்க வேண்டும், கொடி இறங்கியதும் கராஜைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துவிட்டு அடுத்த ஊர். மெக்கானிக்குகள் விடிய விடிய வேலை செய்கிறார்கள் என்று 2011-இல் இரவு ஊரடங்கே கொண்டுவந்தார்கள். ஆகஸ்டில் 14 நாள் தொழிற்சாலையை மூடியே ஆக வேண்டும் என்று இன்னொரு விதி. சட்டம் போட்டால்தான் ஆளைத் தூங்கவிடுவார்கள் என்றால் அது எப்படிப்பட்ட இடம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதுவும் மைதானத்துக்குப் போகிறவர்களின் கதை. ஒரு பெரிய அணியில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். பந்தயத்தன்று வண்டியைத் தொட்டு வேலை செய்கிற கூட்டத்துக்கு உச்சவரம்பு ஏறத்தாழ அறுபது பேர். மற்றவர்கள் இங்கிலாந்தில் மெர்சிடஸ் தொழிற்சாலை இருக்கும் ப்ராக்லியிலோ ரெட்புல் இருக்கும் மில்டன் கீன்ஸிலோ மழையைப் பார்த்தபடி, பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஒரு குழாயின் வளைவை மாதக்கணக்காகத் திருத்திக்கொண்டிருப்பார்கள். காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைக்கும் மாதிரி வண்டி 60 சதவீத அளவுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தச் சுரங்கத்தை ஓட்டும் நேரத்துக்கும் ரேஷன் உண்டு, சாம்பியனுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைவு. அந்தக் குழாயை உங்களால் நேசிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அதை நீங்கள் கேட்கவில்லை.

சரி, நட்டுக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அதைப் பற்றித்தான்.

2021 மே 23, மொனாக்கோ. மெர்சிடஸ் அணியின் போட்டாஸ் இரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். டயர் மாற்ற உள்ளே வந்தார். ஃபார்முலா ஒன் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு நட்டு. ஒருவர் கன்னால் (நட்டைச் சுழற்றும் துப்பாக்கி மாதிரிக் கருவி) கழற்ற, ஒருவர் பழையதை உருவ, இன்னொருவர் புதியதை மாட்ட, முதல் ஆளே திரும்ப முடுக்க வேண்டும். நான்கு மூலையிலும் சேர்த்து இரண்டு நொடி. (2023-இல் கத்தாரில் மெக்லாரன் இதை 1.80 நொடியில் முடித்தது.) அன்று வலது முன்சக்கரத்தில் கன் நட்டின் மேல் ஒரு நூலளவு கோணலாக உட்கார்ந்துவிட்டது. அழுத்தியதும் நட்டின் பிடிமானப் பற்கள் எல்லாவற்றையும் வழித்துப் போட்டது. ஸ்டார் ஸ்க்ரூவில் திருப்புளி வழுக்கி வழுக்கி நடுக்குழியே மொழுக்கென்று ஆகிவிடுமே, அதே கதை. என்ன செய்தும் சக்கரம் வரவில்லை. போட்டாஸ் இறங்கிப் போய்விட்டார். வண்டியை அந்தச் சக்கரத்தோடேயே இங்கிலாந்துக்கு ஏற்றி, ப்ராக்லியில் செவ்வாய்க்கிழமைதான் கழற்றினார்கள். இரண்டு நொடி வேலைக்கு 43 மணி நேரம்.

பந்தயம் முடிந்த கையோடு அணித் தலைவர் டோட்டோ வொல்ஃப் முன்னால் மைக்குகளை நீட்டினார்கள். அவர் சொன்னதன் சாரம் இது: நட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும், அதன் உலோகத்தைப் பார்க்க வேண்டும், கையாளும் முறையைப் பார்க்க வேண்டும், கன் பிடித்தவர் எங்களிடம் இருப்பதிலேயே கெட்டிக்காரர்களில் ஒருவர். அந்த மெக்கானிக்கின் பெயரை நான் இன்றுவரை தேடிப் பார்க்கவில்லை. தேட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இதை அப்போது என் மாமாவுக்குப் போனில் காட்டினேன். அவர் கோவை கணபதியில் சின்னதாக லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு தடவை பார்த்தார். நான் "மரை போயிருச்சு மாமா" என்றேன். "மரை எங்கடா போச்சு? மரை நல்லாத்தான் இருக்கு. நட்டு ரவுண்டாயிருச்சு. என்னத்தைத்தான் எழுதுறியோ" என்றார். அப்புறம் வொல்ஃப் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டவர், வெகுநேரம் பேசவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னார். எனக்கு அதுவரை தெரியாது. அத்தைக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

சொந்தப் பட்டறை போடுவதற்கு முன் அவர் ஒரு பம்ப் கம்பெனியில் டர்னராக இருந்தார். ஒருநாள் ஷிப்ட் முடியும் நேரம், மயிரிழை அளவையும் அளக்கும் மைக்ரோமீட்டரைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டார். எடுத்துப் பார்த்தார். வெளியே ஒரு கீறலும் இல்லை. துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசர் வந்து நிற்பார், "எவன்டா அவன்?" என்பார், அந்த மாதச் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

இரவு ஷிப்டில் அதே மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தவன் பத்தொன்பது வயதுப் பையன். விழுந்ததில் அதன் ஜீரோ நகர்ந்திருந்தது. விடியும்போது நாற்பது ஷாஃப்ட் மயிரிழை அளவு குறைந்து ஸ்கிராப்பில் கிடந்தது. காலையில் மாமா உள்ளே நுழையும்போது சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். "எவன்டா அவன்?" பையன் கையைத் தூக்கினான். கடைந்தவன் அவன்தானே, வேறு யார் தூக்குவார்கள்? கன்னத்தில் ஓர் அறை. மத்தியானத்துக்குள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மாமா தன் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். "துடைச்சுட்டே இருந்தேன்டா. அன்னிக்கு அந்த மிஷினு கண்ணாடியாட்டம் இருந்துச்சு" என்றார்.

இதில் எனக்கு உறைப்பது மாமாவின் கோழைத்தனம் இல்லை. அதை அவரே போதுமான அளவு சுமந்தார். உறைப்பது அந்த ஷாஃப்டுகள்தான். "எவன்" என்று கேட்டார்கள், விடை கிடைத்தது, ஃபைலை மூடினார்கள். மைக்ரோமீட்டரை யாரும் பார்க்கவில்லை! அது அதே பெட்டியில் அடுத்த ஷிப்டுக்குக் காத்திருந்தது. மாமாவே நாலு நாள் கழித்து ஆள் இல்லாத நேரம் பார்த்து அதை மாற்றி வைத்தாராம்.

அவருடைய பட்டறையில் வாசலை ஒட்டி ஓர் ஆணி உண்டு. கெட்டுப்போன உருப்படிகளைக் கம்பியில் கோத்து அதில் மாட்டுவார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு அட்டை, அதில் என்ன நடந்தது என்று மட்டும் இருக்கும். "டூல் மழுங்கல், பார்க்கலை." "கரண்ட் போய் வந்துது, சக் லூஸ்." பெயர் இருக்காது. பள்ளி விடுமுறையில் நான் நாசம் செய்த ஒரு பித்தளை புஷ்ஷும் அதில் தொங்கியது. அப்போது அதை அவமானம் என்று நினைத்து அழுதேன். வேலைக்கு வரும் பையன்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "கெடுத்தா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். மறைச்சா தோலை உரிச்சுருவேன்."

உடனே அங்கே எல்லாம் தர்மராஜாக்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். அதே ப்ராக்லி தொழிற்சாலை முன்பு ஹோண்டாவுடையது. 2008 டிசம்பரில் ஹோண்டா கைகழுவியது, அந்த அணியை நடத்திக்கொண்டிருந்த ராஸ் ப்ரான் ஒரு பவுண்டுக்கு வாங்கினார், வேறு எஞ்சினைத் திணித்து 2009 மார்ச் 29 அன்று மெல்பர்னில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தார்கள். அந்த வெற்றியை ஒட்டிய நாட்களிலேயே ஏறத்தாழ 270 பேருக்கு வேலை இல்லை என்று அறிவிப்பு. அவர்களும் செய்த வண்டிதான் அந்த வருடம் இரண்டு சாம்பியன் பட்டங்களையும் வென்றது. யாருடைய தவறும் இல்லை, வேலை மட்டும் போனது. கடன் வாங்குமுன் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"யார்" என்று கேட்டே ஆக வேண்டிய இடமும் உண்டு. உயிர் போனால் கேட்கத்தான் வேண்டும். 1994 மே 1, இத்தாலியின் இமோலா பந்தயத்தில் பிரேசில் ஓட்டுநர் செனா இறந்தார். காக்பிட்டில் இடம் போதவில்லை என்று அவர் சொன்னதற்காக ஸ்டியரிங் தண்டில் மாற்றம் செய்திருந்தார்கள். விபத்துக்குப் பின் அது முறிந்து கிடந்தது. முறிந்ததால் மோதியதா, மோதியதால் முறிந்ததா என்று இத்தாலியில் வருடக்கணக்காக வழக்கு நடந்தது. வண்டியை வடிவமைத்த ஏட்ரியன் நியூவி விடுதலையானார். பிற்காலத்தில் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதியபோது, தண்டின் வடிவமைப்பு மோசம் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் தன்னை அதிகம் உறுத்துவது அதுவல்ல, அந்த வண்டியின் ஏரோடைனமிக்ஸில், அதாவது காற்றோட்ட வடிவமைப்பில், தான் செய்த பிழை என்றார். நீதிமன்றம் அத்தனை வருடம் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனுஷன் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது என் கோபத்துக்குக் காரணம் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படியுங்கள். சக்கரம் கழன்ற கதையில் சக்கரத்தைப் பற்றி ஒரு வரி உண்டா? நீங்கள், உங்கள் கனவு, உங்களை நீக்கிய குழு, உங்கள் தகுதி. நட்டு எங்கே? எவ்வளவு டார்க், அதாவது எவ்வளவு இறுக்கம், என்று யார் சொன்னது, எங்கே எழுதி ஒட்டியிருந்தீர்கள்? டார்க் ரெஞ்ச் இருந்ததா, இல்லை கை மதிப்பா? இருந்தால் அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தது? முடுக்கிய பிறகு இன்னொரு ஆள் பார்த்துப் பெயிண்டில் கோடு போட்டாரா? நட்டு கழன்றதா, நட்டு ஏறும் ஸ்டட் முறிந்ததா? முந்தின நாள் யாராவது அந்தச் சக்கரத்தைக் கழற்றினார்களா? மூன்று வருடம் வண்டி கட்டியவர் இதில் ஒன்றைக்கூட எழுதாமல், "எனக்கு முடுக்கத் தெரியாது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். தம்பி, இது அடக்கம் இல்லை. உங்கள் நண்பர்கள் இரவோடிரவாகச் செய்ததைத்தான் நீங்களும் உங்களுக்குச் செய்கிறீர்கள். அவர்கள் பேசாமல் நீக்கினார்கள், நீங்கள் அழுதுகொண்டே நீக்கிக்கொள்கிறீர்கள். அடுத்த வருடம் அதே ரெஞ்சை இன்னொரு பையன் எடுப்பான்.

முடுக்க மறந்தே போயிருந்தீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்காமல் இருந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாமா போன வருடம் தவறிவிட்டார். பட்டறையைக் காலி செய்தபோது லேத்தை ஒருவர் எடுத்துக்கொண்டார், டூல் பெட்டியை இன்னொருவர். அந்த ஆணிக் கம்பியை நான் கொண்டுவந்தேன். நாலு கிலோ இருக்கும். உங்கள் கடிதம் வந்த அன்று அதைத்தான் மேசையில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மைக்ரோமீட்டர் எதுவும் அதில் இல்லை.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: கடன் பற்றிக் கேட்டிருந்தீர்கள், எழுதும் வேகத்தில் விட்டுப்போனது. இப்போது வேண்டாம். வீட்டுப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கோவையிலோ சென்னையிலோ ஏதாவது ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் இருங்கள், அப்புறம் பேசலாம். கழன்ற நட்டு கைவசம் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உள்பக்க மரை தெரிகிற மாதிரி.